மாற்றாத ஜாக்குக்குக் கொடுத்த கூலி

சார்ஜர் வயருக்கு அடியில் ஒரு புத்தகத்தை முட்டுக் கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும். என் மடிக்கணினி இரண்டு மாதம் அப்படித்தான் ஓடியது. புத்தகம் அரை அங்குலம் நகர்ந்தாலும் விளக்கு அணைந்துவிடும். சார்ஜர் சொருகும் ஜாக் ஆடுகிறது என்பது எனக்கே தெரிந்ததால், பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன்.

"ஜாக் போயிடுச்சு, புதுசு போட்டு சால்டர் பண்ணணும், ரெண்டு நாள் ஆகும்" என்றார்கள். சால்டர் என்றால் உலோகக் கலவையை உருக்கி ஜாக்கின் கால்களைப் போர்டோடு ஒட்டுவது. சரி என்றேன். சொன்ன நாளில் வந்தது. சொருகினால் ஆடவே இல்லை, பாறை மாதிரி இருந்தது. பில்லில் 'டிசி ஜாக் புதியது' என்று எழுதி, அடிப்பக்கத்தில் ஒரு திருகின் மேல் 'பிரித்தால் உத்தரவாதம் இல்லை' என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள். கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய ஜாக்கைக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் செய்த தப்பு அதுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு இரவு பிளாஸ்டிக் கருகும் வாசனை. சொருகியிருந்த முனையைத் தொட்டால் விரல் சுட்டது. மறுநாள் கடைக்குப் போனேன். "சார்ஜர்தான் கோளாறு, மாத்திப் பாருங்க சார்" என்றார். வீட்டுக்கு வந்து, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து சார்ஜரை அளந்தேன். 19.4 வோல்ட். வயரை எப்படி ஆட்டினாலும் எண் அசையவில்லை. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது: "அப்ப போர்டே போயிருக்கும், போர்டு மாத்தணும்."

அன்றைக்கு ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு நானே பிரித்தேன்.

இரண்டு திருகுகளைக் காணவில்லை. இன்னொரு இடத்தில் நீளமான திருகைப் போட்டு முறுக்கியதில் மேல் பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. இதெல்லாம் சில்லறை விஷயம். ஜாக்கைப் பார்த்ததும்தான் கோபம் வந்தது. அதன் வாயோரத்தில் ஒரு கீறல் உண்டு, கடைக்குக் கொடுக்கும் முன்பே எனக்குப் பழக்கமான கீறல். அதே ஜாக்! சுற்றிலும் உடனொட்டுப் பசையை ஊற்றியிருந்தார்கள். அந்தப் பசை காயும்போது பக்கத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், பார்த்தாலே தெரியும். ஆடாமல் பாறை மாதிரி இருந்தது சால்டரால் அல்ல, பசையால்.

போர்டைத் திருப்பினால் இன்னும் மோசம். தரை இணைப்புக் கால்களில், அதாவது மைனஸ் கால்களில், சால்டர் உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்ததே தவிர, காலோடும் போர்டோடும் ஒட்டிப் பரவவில்லை. பிளஸ் காலைச் சுற்றி இருக்க வேண்டிய செம்பு வளையம் பெயர்ந்து போயிருந்தது. அதற்குப் பதிலாக மயிரிழை போல ஒரு கம்பி. என்னுடையது 65 வாட் சார்ஜர். அதாவது அந்த இழை வழியாக 3.3 ஆம்பியர் வரை ஓட வேண்டும். மோசமான இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே போதும், அந்த ஊசிமுனை இடத்தில் மட்டும் 5 வாட்டுக்கு மேல் சூடாக வெளியேறும். கருகாமல் என்ன செய்யும்?

ஏன் இப்படி ஆனது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. தரைக் கால்கள் போர்டுக்குள் இருக்கும் அகலமான செம்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும். சூட்டை அது இழுத்துக்கொண்டே இருக்கும். சின்ன சால்டரிங் அயர்னை (சால்டரை உருக்கும் சூட்டுக்கோலை) வைத்தால் சால்டர் முழுக்க உருகாது. பொறுமை இழந்து ஜாக்கைப் பிடித்து இழுத்தால் வளையம்தான் கையோடு வரும். வந்திருக்கிறது. அப்புறம் பசையைத் தேடியிருக்கிறார்கள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டேன். பசையைப் பிளேடால் சுரண்டவே ஒரு மாலை போனது. கருவி இருந்தும் நேராக அதில் கைவைக்கப் பயம், முதலில் ஒரு செத்த போர்டில் நாலைந்து ஜாக்குகளைக் கழற்றிப் பழகினேன். தொழிற்சாலையில் வைக்கும் ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த 63/37 ஈய சால்டர் 183 டிகிரியிலேயே உருகும். அதனால் ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்டிப் பரவ உதவும் பசை) தடவி, பழைய இணைப்பின் மேலேயே இந்த ஈய சால்டரைக் கலந்தால் எல்லாம் இளகிவிடும், இழுக்க வேண்டியதே இல்லை. தட்டையான அகல முனையும் 60 வாட் அயர்னும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. புகையை மட்டும் மூக்கில் ஏற்றாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

புது ஜாக் வைத்தேன். பிளஸ் காலுக்கு வளையம் இல்லாததால், அங்கிருந்து அடுத்து வரும் ஃபியூஸின் ஜாக் பக்க முனை வரை தடித்த கம்பியால் ஜம்பர், அதாவது மாற்று இணைப்பு, போட்டேன். பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கொள்ளவில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே சார்ஜரைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. முனை சுடவில்லை. கடைக்காரர் கைவைக்காமல் இருந்திருந்தால் அந்த ஜம்பருக்கே வேலை இருந்திருக்காது.

நீங்கள் கடையில் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இந்த மாடலில் ஜாக் போர்டிலேயே சால்டர் செய்ததா, வயரோடு தனியாக வருவதா? பல மாடல்களில் வயரும் கனெக்டருமாகத்தான் வரும். திருகைக் கழற்றி, பழையதைப் பிடுங்கி, புதியதைச் சொருகினால் முடிந்தது. அதற்கு யாராவது சால்டரிங் கூலி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். போர்டில் சால்டர் செய்ததாக இருந்தால், வேலை முடிந்ததும் போர்டின் அடிப்பக்கப் படமும் பழைய ஜாக்கும் வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கணினி ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை என்றால் ஜாக்கின் சால்டர்தான் காரணம் என்று சட்டென்று நம்ப வேண்டாம். டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றில் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி சார்ஜரை அடையாளம் காண்பதற்கானது. அது வளைந்தாலோ உடைந்தாலோ இப்படி ஆகும். பேட்டரி உப்பியிருந்தால் வீட்டில் அயர்னை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதே என்றார்கள். அந்த ஜாக் இப்போது என் மேசையில் இருக்கிறது, காய்ந்த பசையோடு. பக்கத்திலேயே அதைப் புதியது என்று சொல்லும் பில்லும்.