சோர்வு நோய்க்கு எந்தச் சத்து மாத்திரை? பிஸ்கட் டின்னைக் கொட்டிப் பார்த்த கணக்கு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைத்த டின். இப்போது அதற்குள் இருப்பது மாத்திரைப் புட்டிகள். நான்கு வருடத்தில் நானாக வாங்கியது பாதி, ‘இதைச் சாப்பிட்டுப் பாரு’ என்று சொந்தக்காரர்கள் கொண்டு வந்து தந்தது பாதி. போன வாரம் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, எது தங்கும், எது குப்பைக்குப் போகும் என்று பிரித்தேன்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினவர்கள், விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் பகல் பதினோரு மணிக்குப் படுத்துக் கிடக்கும் பெண்ணுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். செம்பனை ஆலையில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தேன். டெங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, நான்தான் எழுந்திருக்கவில்லை. இது நாள்பட்ட சோர்வு நோய் என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க ஒன்றரை வருடம் ஆனது.

மாத்திரைக்குப் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். களைப்பு என்று சத்து மாத்திரை தேடுகிற பலருக்கு இந்த நோயே இருக்காது. தைராய்டு குறைவு, இரத்தச்சோகை, இனிப்பு நீர் (நீரிழிவு), தூக்கத்தில் மூச்சு அடைப்பு எல்லாமே ஆளைச் சாய்க்கும், எல்லாவற்றுக்கும் முறையான சிகிச்சையும் உண்டு. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம். 2015இல் அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு ஒன்று இந்த நோய்க்கு வகுத்த அடையாளம் இது: ஆறு மாதத்துக்கு மேல் பழைய அளவுக்கு வேலை செய்ய முடியாத சோர்வு, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு, சிறு உழைப்புக்குப் பின்னும் வந்து அடிக்கும் சரிவு, இவற்றோடு மூளை மந்தமோ நிமிர்ந்து நின்றால் தலைசுற்றலோ.

அந்தச் சரிவுதான் இந்த நோயின் கையெழுத்து. ஒரு வாளித் துணியைக் கொடியில் காயப்போட்டால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகாது. நாளை மறுநாள் தலையணையிலிருந்து தலை தூக்க முடியாது, தொண்டை வலிக்கும், பேச வார்த்தை வராது. ஆகவே ஒரு மாத்திரை நல்லதா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரே சோதனைதான். அதைச் சாப்பிடும் காலத்தில் ஒரு வாளித் துணி காயப்போட்டால் மூன்றாம் நாள் எப்படி இருக்கிறேன்? புட்டியில் எழுதியிருக்கும் ‘எனர்ஜி’ எனக்கு வேண்டாம்.

பிரித்துப் பார்த்தால் டின்னில் இரண்டு சாதிதான் இருந்தது. உடம்பில் இருக்கும் பற்றாக்குறையை நிரப்புகிறவை ஒன்று. பற்றாக்குறை இல்லாதவருக்கும் சக்தி தருவோம் என்கிறவை மற்றொன்று. முதல் சாதியை இரத்தப் பரிசோதனை செய்து தீர்மானிக்கலாம். இரண்டாவதை நம்பித்தான் வாங்க வேண்டும்.

பி12: ஊசியா, மாத்திரையா, வேண்டவே வேண்டாமா

நானும் அம்மாவும் ஒரே வாரத்தில் பி12 அளவு பார்த்தோம். அம்மா பத்து வருடத்துக்கு மேலாக இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை நாளடைவில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். செவ்வாய், வெள்ளி சைவம், புரட்டாசி முழுக்க சைவம் வேறு. பி12 இருப்பதோ மீன், முட்டை, இறைச்சி, பாலில்தான். கீரையில் தேடினால் கிடைக்காது. முடிவு வந்தபோது நோயாளியான எனக்கு அளவு சரியாக இருந்தது, ‘எனக்கென்னடி கேடு’ என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் குறைந்திருந்தது.

எனக்காக வாங்கிய புட்டி அம்மாவிடம் போனது. சில மாதத்தில் அவருடைய பாத மரமரப்பு குறைந்தது. நானும் அதற்கு முன் மூன்று மாதம் அதையே சாப்பிட்டிருந்தேன், வாளிச் சோதனையில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரே மாத்திரை, ஒரே வீடு, இரண்டு முடிவு. சத்து மாத்திரையைப் பற்றி நான் படித்ததைவிட இதில் கற்றது அதிகம்.

ஊசி போட்டால்தான் ஏறும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. தோட்டத்து மருந்தகத்து டிரெசர் ஐயா காலத்துப் பழக்கம், ஊசி குத்தாதவர் டாக்டரே இல்லை. ஆனால் 1000 மைக்ரோகிராம் போல உயர்ந்த அளவில் விழுங்கினால், குடல் வழக்கமான வழியில் எடுக்க முடியாதவர்களுக்கும் அதில் ஒரு விழுக்காடு அளவு தானாக உள்ளே போய்விடும். தினசரித் தேவை 2.4 மைக்ரோகிராம்தான், அதற்கு அந்த ஒரு விழுக்காடே தாராளம். நரம்புப் பாதிப்பு முற்றியவர்களுக்கு டாக்டர் ஊசி எழுதினால் அது வேறு பேச்சு. மற்றபடி ஊசிக்காக ஈப்போ வரை காரில் போய் வருவது என்னைப்போன்ற ஆளுக்கு இரண்டு நாள் படுக்கை.

பி12 தனியாக வாங்குவதா, ‘நரம்புச் சத்து’ என்று பி1, பி6, பி12 சேர்த்து விற்கும் மாத்திரையா? தனியாகத்தான் என்பேன். கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் பி6 மட்டும் 100, 200 மி.கி. வரை இருக்கும். பெரியவர்களுக்கு நாளுக்கு வேண்டியது ஏறக்குறைய 1.3 மி.கி. அதிக அளவை மாதக்கணக்கில் சாப்பிட்டால் பி6 நரம்பையே கெடுக்கும், கைகால் மரத்துப் போகும். மரத்துப் போகிறதே என்று இன்னொரு புட்டி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

வெயிலா, வைட்டமின் டியா

இவ்வளவு வெயில் அடிக்கும் நாட்டில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்பார்கள். வீட்டுக்குள்ளேயே கிடந்தால் குறையும், கறுத்த தோலுக்கு வெயிலும் கூடுதலாக வேண்டும். எனக்குக் குறைவாகத்தான் இருந்தது. வெயில் இலவசம், ஆனால் பத்து நிமிடம் நின்றாலே எனக்குத் தலை சுற்றும். அதனால் மாத்திரை ஜெயித்தது, நாளுக்கு 1000 யூனிட். டாக்டர் சொல்லாமல் 4000 யூனிட்டைத் தாண்டக் கூடாது, இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். சோர்வு குறையும் என்று எதிர்பார்த்து இதைச் சாப்பிடாதீர்கள். 2015இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் இந்த நோய் உள்ள 50 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்தார்கள். இரத்தத்தில் அளவு ஏறியது, சோர்வு அப்படியே இருந்தது. எலும்புக்காகச் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

இரும்புச்சத்தை நான் டின்னிலிருந்து எடுத்துவிட்டேன், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு நன்றாக இருந்ததால். குறைந்தவர்களுக்கு இது அருமையான மருந்து. மாத்திரையை விழுங்கிவிட்டுக் கையோடு தே தாரிக் குடித்தால் மட்டும் பாதி வீண், தேயிலை இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறோடு குடிக்கலாம். நம் நாட்டில் தலசீமியா என்கிற பரம்பரை இரத்தக் கோளாற்றின் மரபணு தாங்கியவர்கள் நிறைய. அவர்களுக்கும் இரத்தம் குறைவாகவே காட்டும், ஆனால் இரும்பு குறைந்திருக்காது. சோதிக்காமல் விழுங்கினால் இரும்பு உடம்பில் சேர்ந்துபோகும்.

கோகியூ10க்கும் என்ஏடிஎச்சுக்கும் நடுவே

இரண்டாம் சாதியில் கொஞ்சமாவது மதிக்கத்தக்கவை இவை இரண்டும்தான், விலையும் அதற்கேற்ற மாதிரி. உணவைச் சக்தியாக மாற்றும் வேலையில் உயிரணுக்கு உதவுகிற பொருள்கள். இந்த நோயில் அந்த வேலை மந்தப்படுகிறது என்ற எண்ணத்தில்தான் ஆய்வாளர்கள் இவற்றைக் கையில் எடுத்தார்கள்.

என்ஏடிஎச்சைத் தனியாகச் சோதித்தது 1999இல், அமெரிக்காவில். 26 பேர், நாளுக்கு 10 மி.கி. உண்மை மாத்திரையில் 8 பேருக்குத் தேறியது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 2 பேருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 26 பேர் என்பது எங்கள் பஜனைக் கூட்டத்தைவிடச் சிறியது. அப்புறம் ஸ்பெயின்காரர்கள் இரண்டையும் சேர்த்தார்கள்: கோகியூ10 200 மி.கி., என்ஏடிஎச் 20 மி.கி. 2015இல் 73 பேர், எட்டு வாரம். 2021இல் 207 பேர், பன்னிரண்டு வாரம். மூளைச் சோர்வு கொஞ்சம் குறைந்ததாகவும் வாழ்க்கைத் தரம் கொஞ்சம் ஏறியதாகவும் முடிவு. நோய் விலகியதாக அவர்களும் சொல்லவில்லை.

நான் கோகியூ10 மட்டும் மூன்று மாதம் சாப்பிட்டேன். கொழுப்பில் கரைவது, அதனால் மதியச் சாப்பாட்டோடு. இரண்டாம் மாதத்தில் செய்தித்தாளில் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் படிக்க முடிந்தது. மாத்திரையா, அந்த மாதம் விருந்தாளி யாரும் வராததா என்று சத்தியம் செய்யமாட்டேன். வாளிச் சோதனையில் அதே மூன்றாம் நாள், அதே தலையணை. மாதம் நூறு வெள்ளிக்கு மேல் போனதால் நிறுத்தினேன். கையில் காசு இருக்கிறவர்கள் மூன்று மாதம் பார்க்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம், அந்த மருந்தின் வேலையை இது குறைத்துவிடக்கூடும்.

மெக்னீசியத்துக்கு அதில் பாதி விலைகூட ஆகாது. அதன் பேர் 1991இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்விலிருந்து பரவியது. வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம், 15 பேரில் 12 பேருக்குத் தேறியது, வெற்று ஊசியில் 17 பேரில் 3 பேருக்கு. பிறகு வந்த ஆய்வுகளில் இந்த நோயாளிகளுக்கு மெக்னீசியம் குறைவாக இருப்பதாகவே தெரியவில்லை. ஆனாலும் எனக்கு இரவில் கெண்டைக்கால் இழுப்பது குறைந்த மாதிரி இருந்தது. ஆக்சைடு வடிவம் மலிவு, வயிற்றைக் கலக்கிவிடும். கிளைசினேட் கொஞ்சம் விலை, வயிறு சும்மா இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இரண்டும் ஆகாது.

மற்றவை வேகமாக. ரைபோஸ் என்பது ஒரு வகைச் சர்க்கரை. 2006இல் 41 பேரிடம் பார்த்தார்கள், ஒப்பிட வெற்று மாத்திரை இல்லை, ஆகவே அதைக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க்கு 1990இல் பலன் என்றார்கள், 1999இல் திரும்பப் பார்த்தபோது இல்லை. எல்லாச் சத்தும் ஒரே குளிகையில் என்கிற மல்டிவிட்டமின் வகையை 2002இல் நெதர்லாந்தில் 53 பேரிடம் சோதித்தார்கள், வித்தியாசம் இல்லை. மூன்றும் குப்பைக்கு.

ஆலோங் கடன்

பக்கத்து லோரோங் (சந்து) அக்கா ஒருவர் நேரடி விற்பனை செய்கிறார். நல்ல மனுஷி, நான் படுத்துக் கிடந்தபோது ரசம் வைத்துக் கொண்டு வந்தவர். ஒரு சனிக்கிழமை பொட்டலம் ஒன்றை நீட்டினார். ‘தங்கச்சி, இந்தப் பவுடரைச் சுடுதண்ணியில கலக்கிக் குடிச்சுப் பாரும்மா, ஒரு வாரத்துல நீயே வந்து என்கிட்ட ஆர்டர் கொடுப்ப.’ ‘எத்தனை வெள்ளிக்கா?’ என்றேன். ‘காசைப் பத்தி அப்புறம் பேசலாம்.’

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூன்றாம் நாளே துள்ளிக் குதித்தேன். வீடு கூட்டினேன், இரண்டு வாளித் துணி போட்டேன், சாயங்காலம் பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) நடந்தே போனேன். அம்மா கண் கலங்கிவிட்டார். அடுத்த பதினெட்டு நாள் கழிவறைக்குப் போக அம்மா தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் காப்பி, ஜின்செங், சர்க்கரை, பெயர் சொல்லாத ‘மூலிகைக் கலவை’. இது ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரனிடம், வாங்கிய கடன் மாதிரி. பணம் கைக்கு உடனே வரும், வசூலுக்கு வருகிறவன் வேறு ஆள். இல்லாத சக்தியை இருப்பதாகக் காட்டுகிற எதுவும் இந்த நோயில் ஆபத்து, சரிவின் முதல் எச்சரிக்கையே காதில் விழாமல் போய்விடுகிறது. இன்னொரு பயமும் உண்டு. உடனே வலி போகும், உடனே தெம்பு வரும் என்று விற்ற சில ஜாமு, மூலிகை மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உருண்டு வீங்கும், சர்க்கரை ஏறும், நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அதனால் புட்டியை இப்படிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். எம்ஏஎல் (MAL) என்ற மூன்று எழுத்து, பிறகு எட்டு எண், கடைசியில் ஓர் எழுத்து. ‘என்’ (N) என்றால் சத்துப் பொருள், ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து. மினுமினுக்கும் ஹாலோகிராம் ஒட்டு இருக்க வேண்டும். எண்ணை மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத் தளத்தில் தட்டினால் அதே பெயர் வர வேண்டும். எண் இருப்பதால் நோய் குணமாகும் என்று பொருளில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒருவர் பொறுப்பு, அவ்வளவுதான். அக்காவின் பவுடர் உணவுப் பொருள் என்ற பெயரில் விற்பது, அதற்கு அந்த எண்ணே இல்லை.

டின்னில் இல்லாத ஒரு போட்டியாளரையும் சொல்லிவிட வேண்டும். பசாரில் வாங்கிய பிளாஸ்டிக் முக்காலி. கொடியைத் தாழக் கட்டினேன், முக்காலியில் உட்கார்ந்துகொண்டு காலையில் ஐந்து துணி, மதியம் ஐந்து, மீதி மறுநாள். மூன்றாம் நாள் சரிவு வராத ஒரே ஏற்பாடு இதுவரை இதுதான். 2021இல் இங்கிலாந்தில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியும் உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் பழைய சிகிச்சையைக் கைவிட்டு, இருக்கிற சக்திக்குள் வேலையை அடக்குவதைத்தான் சொல்கிறது. நோயைக் குணமாக்கவோ தொல்லையைக் குறைக்கவோ சத்து மாத்திரைகளை வழக்கமாகச் சாப்பிடப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது.

டின்னுக்குள் திரும்பிப் போனவை மூன்று: வைட்டமின் டி, அம்மாவின் பி12, மெக்னீசியம் கிளைசினேட். மெக்னீசியத்தின் மூடியில் டேப் ஒட்டி அடுத்த மாதம் 15ஆம் தேதி என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கெண்டைக்காலைப் பார்க்க வேண்டும். இழுத்தால் வாங்குவேன், இழுக்காவிட்டால் அந்தக் காசுக்கு இன்னொரு முக்காலி, அடுப்படிக்கு.