ஜிபிஎஸ், நாவிக் துறைக்குப் போக ஈசிஇ மட்டும்தான் வழியா? நீலகிரிப் பிள்ளைகளுக்காக ஓர் ஒப்பீடு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை யாராவது ஜிபிஎஸ், நம் நாட்டின் சொந்த வழிகாட்டல் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் மாதிரி துறையில் வேலை பார்க்கணும் என்று சொன்னால் உடனே வரும் பதில், "கோயம்புத்தூர்ல ஈசிஇ சேர்ந்துடு" என்பதுதான். தப்பான பதில் இல்லை. ஆனால் அதோடு பேச்சு முடிந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பி.எஸ்சி இயற்பியலோ சர்வேயோ எடுத்த பிள்ளைகள், விண்வெளி இனி நமக்கில்லை என்று அப்போதே ஒதுங்கிவிடுகிறார்கள்.

இந்தத் துறையை உருவாக்கியவர்கள் என்ன படித்தவர்கள் என்று பாருங்கள். 1957-ல் ஸ்புட்னிக் அனுப்பிய சிக்னலின் அதிர்வெண் ஏறி இறங்குவதை வைத்தே அதன் பாதையைக் கணக்கிட்ட கையரும் வைஃபன்பாக்கும் இயற்பியலாளர்கள். செயற்கைக்கோளில் துல்லியக் கடிகாரத்தை ஏற்றி இடம் கண்டுபிடிக்கும் திட்டத்தை நடத்திய ரோஜர் ஈஸ்டனும் இயற்பியல்காரர். ஜிபிஎஸ் திட்டத்தின் முதல் தலைவர் பிராட்ஃபோர்ட் பார்க்கின்சன் விமானப்படை அதிகாரி, ஏரோவும் கட்டுப்பாட்டுப் பொறியியலும் படித்தவர். சிக்னல் வடிவமைப்பில் பெரும் பங்கு வகித்த ஜேம்ஸ் ஸ்பில்கர் மின்பொறியாளர். பூமியின் உண்மையான வடிவத்தைக் கணக்கிட உழைத்த கிளாடிஸ் வெஸ்ட் கணிதம் படித்தவர்.

சரி, முதலில் ஈசிஇ, அதாவது மின்னணு, தொடர்பியல் பொறியியல். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் நம் கைக்கு வரும்போது சுற்றியிருக்கும் இரைச்சலுக்கும் கீழே கிடக்கும். தெரிந்த குறியீட்டோடு அதை ஒப்பிட்டு ஒப்பிட்டு வெளியே இழுப்பது ரிசீவர் பொறியாளரின் வேலை. ஆண்டெனா, சிப், சிக்னல் பிராசசிங் எல்லாம் இவர்கள் கையில்தான். நாவிக் முதலில் எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்), எஸ் என்ற இரண்டு பட்டைகளில்தான் ஒலிபரப்பியது. மலிவான ரிசீவர்களும் கைப்பேசிகளும் பெரும்பாலும் எல்1 பட்டையைக் கேட்பவை என்பதால் 2023-ல் போன என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோளில் எல்1-ஐயும் சேர்த்தார்கள். வேலைவாய்ப்பு என்று பார்த்தால் இந்தப் படிப்பை அடித்துக்கொள்ள வேறு இல்லை: இஸ்ரோவின் பொதுத் தேர்வுக்கு நேராகப் போகலாம் (குறைந்தது 65 சதவீதம் கேட்பார்கள், செமஸ்டர் மார்க்கை அலட்சியம் செய்ய வேண்டாம்), பெங்களூரு, ஹைதராபாத் சிப் நிறுவனங்களும் இருக்கின்றன. குறை என்னவென்றால், நாலு வருடப் பாடத்தில் செயற்கைக்கோள் வழிகாட்டல் ஒரு ஓரத்தில்தான் வரும், அதற்குள் கேம்பஸில் ஐடி வேலை கிடைத்துப் பலர் திசை மாறிவிடுகிறார்கள்.

அடுத்து இயற்பியல். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் நம் வானத்தின் பெரிய சிக்கல் இவர்களுடையது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால் நமக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றம் கொண்ட அடுக்கு) ஐரோப்பா, அமெரிக்காவுக்கு மேலே இருப்பதுபோல அடங்கிக் கிடக்காது. சூரியன் மறைந்ததும் அதில் பிளாஸ்மா குமிழ்கள் கிளம்பும், அவற்றைக் கடந்து வரும் சிக்னல் மினுங்கும், சில நேரம் ரிசீவரின் பிடியே விட்டுப்போகும். விமானங்களுக்கான ககன் அமைப்பை இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கியபோது, வெளிநாட்டு அயனி மண்டல மாதிரியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாமல் நம் வானத்துக்கென்று தனி மாதிரி செய்ய வேண்டியிருந்தது.

இந்த ஆராய்ச்சி நம் மலைகளுக்குப் புதிதல்ல. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1950-களிலேயே அயனி மண்டலத்தை அளந்திருக்கிறார்கள். ஊட்டி பக்கத்து முத்தோரையில் 1970-லிருந்து இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, தொலைதூர விண்மீன் திரள்கள் போன்ற ரேடியோ மூலங்கள், சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக்காற்றால் மினுங்குவதை அளந்து பேர் வாங்கியது. சூரியக்காற்றுக்குப் பதில் அயனி மண்டலம், விண்மீன் திரளுக்குப் பதில் செயற்கைக்கோள் என்று வைத்துக்கொண்டால் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்! அதன் பக்கத்திலேயே வளரும் ஒரு பிள்ளையிடம் "இயற்பியல் எடுத்தால் டீச்சர் வேலைதான்" என்று சொல்கிறோம்.

அணுக்கடிகாரமும் இவர்கள் வீட்டுச் சொத்து. சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறோம், அதில் ஒரு நானோ செகண்ட் பிசகினால் தூரக் கணக்கில் 30 சென்டிமீட்டர் பிழை. நாவிக்கின் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் செயலிழந்தபோது, செயற்கைக்கோள் நல்ல நிலையில் பறந்துகொண்டிருந்தும் இடம் சொல்ல அதை நம்ப முடியாமல் போனது. அவை வெளிநாட்டில் வாங்கியவை. உள்நாட்டில் செய்த ரூபிடியம் கடிகாரம் என்விஎஸ்-01-ல்தான் முதலில் பறந்தது. ஆனால் இந்த வழி நீளம் என்பதை மறைக்கக் கூடாது: பி.எஸ்சி, எம்.எஸ்சி, நெட் அல்லது ஜெஸ்ட் தேர்வு, அப்புறம் முனைவர் பட்டம். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம், திருவனந்தபுரத்தில் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், அகமதாபாத்தில் பிஆர்எல் என்ற இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் என்று போக இடங்கள் உண்டு. வீட்டில் உடனே சம்பளம் வேண்டும் என்ற நிலை இருந்தால் இந்தக் காலம் ரொம்பக் கஷ்டம்.

நில அளவை, ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் படித்தவர்களைச் சங்கிலி பிடிக்கிறவர்கள் என்று இன்னும் நினைக்கிறோம். கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான். இவர்களின் அருமை நம் மேட்டு நிலத்தில்தான் தெரியும். தொட்டபெட்டா கடல் மட்டத்திலிருந்து 2637 மீட்டர். அங்கே நல்ல ரிசீவர் ஒன்றை வைத்து, திருத்தம் எதுவும் செய்யாமல் உயரத்தைப் பார்த்தால் ஏறக்குறைய 90 மீட்டர் குறைவாகக் காட்டும். கருவியில் கோளாறு இல்லை. ஜிபிஎஸ் அளப்பது பூமிக்கென்று கணிதத்தில் வகுத்த நீள்வட்ட உருவத்திலிருந்து, நாம் சொல்வது கடல் மட்டத்திலிருந்து, இந்தியப் பகுதியில் ஈர்ப்புவிசை வேறுபாட்டால் இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி. ரிசீவர் செய்யும் பொறியாளர் பலருக்கு இது பிடிபடாது, சர்வேயருக்கு இதுதான் பாலபாடம். மண்சரிவு வரக்கூடிய சரிவுகளில் நிலம் மில்லிமீட்டர் கணக்கில் நகர்வதைக் கண்காணிப்பதும் இவர்களால்தான் முடியும். டிப்ளமோவோடுகூட வேலைக்குப் போகலாம், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு இதையே சொல்வேன். ஆராய்ச்சிப் பக்கம் வர வேண்டுமானால் கணிதத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

ஏரோ, அதாவது விமான, விண்வெளிப் பொறியியல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாதைக் கணிப்பு, செயற்கைக்கோளைக் கட்டுப்படுத்துவது எல்லாம் முக்கியமான வேலைகள்தான், ஆனால் இடங்கள் குறைவு. திருவனந்தபுரம் பக்கம் வலியமலையில் இருக்கும் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டி கிடைத்தால் யோசிக்காமல் போங்கள்.

என்னைக் கேட்டால், வேலை உறுதி முக்கியம் என்பவர் ஈசிஇ எடுக்கட்டும், சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால் சர்வே, ஏழெட்டு வருடம் பொறுக்க முடிகிற, கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு இயற்பியல். எந்த வழியில் வந்தாலும் பிழையுள்ள அளவீடுகளிலிருந்து சரியான மதிப்பைக் கணிக்கும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ், கால்மன் ஃபில்டர் என்ற கணித முறைகள் இரண்டையும் கற்றுக்கொள்ளாமல் நகர முடியாது. லீஸ்ட் ஸ்கொயர்ஸை வைத்து சீரிஸ் குறுங்கோளின் பாதையைக் கணித்த கணித மேதை காஸ், பின்னாளில் ஹானோவர் நாட்டை நில அளவை செய்தவரும்கூட.

எது பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவர்கள் காசு செலவில்லாமல் இதைச் செய்து பார்க்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் செயற்கைக்கோள் அளவீடுகளை அப்படியே பதிவு செய்யலாம், அதற்குக் கூகுளின் இலவசச் செயலி இருக்கிறது. மார்ச்சிலோ செப்டம்பரிலோ, பனிமூட்டம் இருந்தாலும் பரவாயில்லை, மரமும் தகரக் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில் போனை வைத்து மாலை ஏழிலிருந்து பத்து வரை பதிவு செய்யுங்கள், அடுத்த நாள் மதியமும் அதே இடத்தில். இரண்டையும் வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். சிக்னல் ஏன் ஆடுகிறது என்று மனம் போனால் இயற்பியல், ஆடினாலும் விடாமல் பிடிக்கும் ரிசீவரை எப்படிச் செய்வது என்று போனால் ஈசிஇ, காட்டிய இடம் உண்மையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்று டேப்பை எடுத்தால் சர்வே.