மீட்டர் வைத்த கேஸ் ரெகுலேட்டர்: ஊசி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களின் ஹார்ட்வேர் கடைகளில் இப்போது சாதாரண ரெகுலேட்டருக்குப் பக்கத்திலேயே கேஸ் அழுத்தம் காட்டும் வட்ட மீட்டர் பதித்த ரெகுலேட்டரும் தொங்குகிறது. விலை கூடுதல்தான். கேட்டால் கடைக்காரர் இரண்டு காரணம் சொல்வார்: தோங்கில் (கேஸ் சிலிண்டரில்) கேஸ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும், கசிந்தால் தானாக மூடிக்கொள்ளும். முதலாவது தவறு. இரண்டாவது பாதிதான் உண்மை. ஆனாலும் இதை வாங்கச் சொல்வோம், காரணம் வேறு: வீட்டிலேயே கசிவைச் சோதித்துப் பார்க்க இதைவிட எளிய சாமான் கிடையாது.

தோங்குக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அந்தத் திரவம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு அல்ல. 14 கிலோ தோங் நிறைந்திருந்தாலும் 3 கிலோவாகக் குறைந்திருந்தாலும் ஊசி பச்சையிலேயே நிற்கும். புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாவதால் கடைசிக் கட்டத்தில் ஊசி சற்றுத் தாழும்; மழை பெய்த காலையிலும் அப்படித்தான் தாழும். மிச்சம் தெரிய வேண்டுமானால் தராசில் வைத்து, தோங்கின்மேல் பொறித்திருக்கும் காலி எடையைக் கழியுங்கள்.

தானாக மூடும் வசதி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். கேஸ் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் மட்டுமே உள்ளே இருக்கும் சிறு அடைப்பான் தள்ளப்பட்டு வழியை மூடும். டியூப் கழன்று விழுந்தாலோ, செம்பனைக் காட்டு எலி வந்து டியூபைக் கடித்துத் துண்டாக்கினாலோ அது காப்பாற்றும். மயிரிழை வெடிப்பில் கசிவது ஒரு அடுப்பு எரியச் செலவாகும் கேஸைவிடக் குறைவு. யாரோ ரசம் கொதிக்க வைக்கிறார்கள் என்றுதான் ரெகுலேட்டர் நினைத்துக்கொள்ளும். கதவு சாத்திய சமையலறையில் ஆபத்தே இந்தச் சின்னக் கசிவுதான். இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். தரையோடு படர்ந்து, சிமெண்டு மேடைக்குக் கீழேயும் பின்கட்டு லொங்காங்கிலும் (சாக்கடையிலும்) போய்த் தேங்கும். காற்றில் ஏறக்குறைய 2 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

சோதனை இப்படி. அடுப்பின் எல்லாக் குமிழ்களையும் மூடுங்கள். ரெகுலேட்டரை வால்வில் 'கிளிக்' என்று கேட்கும்படி பொருத்தி, பிடியைத் திறங்கள். ஊசி ஏறி நின்றதும் பிடியை மூடுங்கள், ரெகுலேட்டரைக் கழற்றாதீர்கள். இப்போது வால்விலிருந்து அடுப்புக் குமிழ்வரை கொஞ்சம் கேஸ் சிறைப்பட்டிருக்கிறது. ஊசி நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு 15 நிமிடம் விடுங்கள். நின்ற இடத்திலேயே நின்றால் நல்லது. சரசரவென்று சிவப்புக்கு இறங்கினால் எங்கோ கசிகிறது. இரவில் மூடிவிட்டுக் காலையில் பார்த்தால் இன்னும் மெல்லிய கசிவும் பிடிபடும். குளிரில் ஊசி நூலளவு தாழ்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், சுழியத்துக்குப் போயிருந்தால்தான் கவலை. ஒன்றை மறக்கக் கூடாது: தோங்கின் வால்வே கசிந்தால் இந்தச் சோதனையில் தெரியாது.

கசிவு இருக்கிறது என்றுதான் ஊசி சொல்லும், இடத்தைச் சொல்லாது. இடத்துக்குச் சவர்க்கார நீர். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் வேண்டாம், பித்தளையில் வெடிப்பு விழ வைக்கும். ஜன்னல், கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், பிடியைத் திறந்த நிலையில் தூரிகையால் தடவுங்கள். பிடியை மூடிவிட்டுத் தடவி, "குமிழியே வரவில்லையே" என்று நிம்மதியடைபவர்கள்தான் அதிகம். தூரிகை கிளப்பும் நுரை அடங்கிவிடும். கசிவின் குமிழி வளர்ந்துகொண்டே போகும். லைட்டர் கொளுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது, தோங் கொண்டு வரும் அண்ணன் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

பெரும்பாலும் குமிழி வருவது டியூபின் இரு முனைகளில். ரப்பர் இறுகி வாய் விரிந்திருக்கும். டியூப் புதிதாக இருந்தால் முனையில் 3 சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகலாம். வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா, இரண்டு வருடம் ஆகிவிட்டதா, முழுதாக மாற்றுங்கள். புது முனையைச் சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்தால் இளகும். எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. டியூபைச் செருகும் மூக்கின் வரிப்பள்ளங்கள் முழுதும் மறையும்வரை தள்ளி, திருகு வைத்த கிளிப்பைப் போடுங்கள். கம்பி கிளிப் நாளடைவில் தளரும். திருகை முறுக்கும்போது ரப்பர் லேசாகப் பிதுங்கினால் போதும், கிளிப் ரப்பரை வெட்ட ஆரம்பித்தால் அதிகம். நீளம் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும், நடுவில் ஒட்டு வேண்டாம், அடுப்பின் சூடான முதுகில் படவும் கூடாது.

ரெகுலேட்டர் உடம்பில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும். அங்கே குமிழி வந்தால் உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். டேப் ஒட்டி அடைக்காதீர்கள், அந்தத் துளை மூச்சு விடுவதற்கென்றே வைத்தது, ரெகுலேட்டரை எறிந்துவிடுங்கள். வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் வந்தால் கழற்றி, வால்வு வாயின் ரப்பர் வளையத்தில் மண், கிழிசல் உண்டா என்று பாருங்கள். மண்ணைத் துடைக்கலாம். கிழிந்திருந்தால் கத்தியால் நோண்டாமல் தோங்கைக் கடைக்கே திருப்பிவிடுங்கள். அடுப்புக் குமிழின் தண்டில் கசிந்தால் அடுப்புப் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டியதுதான்.

மூடிய வால்வே சீறினால் பழுது பார்க்க நினைக்க வேண்டாம். விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜ் எதன் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும், பாதுகாப்பாக முடிந்தால் மட்டும் தோங்கை நிமிர்த்தியபடியே வெளியே, லொங்காங்கை விட்டு விலக்கி வைத்துவிட்டு, வீட்டை விட்டு விலகிப் போய் 999க்கு அழையுங்கள். போம்பா (தீயணைப்புப் படை) வரும்.

வாங்கும்போது பெட்டியில் அல்ல, ரெகுலேட்டர்மேலேயே சிரிம் (SIRIM) தரச்சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். மீட்டரின் கண்ணாடிக்குள் ஈரம் படிந்திருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். பயன்பாட்டில் ஒரு சின்னத் தொல்லை உண்டு: அடுப்புக் குமிழ் திறந்திருக்கும்போது பிடியைத் திறந்தால் அடைப்பான் விழுந்து கேஸ் வராது. பழுதென்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம். எல்லாக் குமிழ்களையும் மூடி, மீட்டரை அழுத்தினால் சரியாகிவிடும். கோயில் அன்னதானத்துக்குப் பெரிய குவாலி (வாணலி) வைத்துச் சமைக்கும் ஹை பிரஷர் அடுப்புக்கு இது ஒத்து வராது. அந்த அடுப்பின் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டுவது இன்னும் மோசம். இரண்டையும் ஒரே அலமாரியில் போட்டு வைக்காதீர்கள்.