சின்ன அலைக்கான ஃபிஷ் போர்டு என்று சொல்லி பழைய ஷார்ட்போர்டை விற்கிறார்கள், கவனம்

கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி பக்கம் சர்ஃப், அதாவது அலைச்சறுக்கு, செய்பவர்கள் அடுத்த போர்டுக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். "புதுசா செஞ்ச ஃபிஷ், 5 அடி 8 அங்குலம், 36 லிட்டர், நம்ம ஊர் சின்ன அலைக்குன்னே டிசைன் பண்ணது" என்று சொல்லி ஒருவர் என்னிடம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஃபிஷ் என்பது சின்ன அலைக்கான குட்டையான, வால் அகலமான போர்டு, லிட்டர் என்பது போர்டின் கன அளவு, அது கூடினால் மிதப்பும் கூடும். வந்து சேர்ந்தது வால் உடைந்த பழைய ஷார்ட்போர்டு, அதாவது பலமான அலைக்கான ஒல்லியான, வால் குறுகிய போர்டு. வாலை அறுத்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, மேலே கடல்நீலப் பெயின்ட் அடித்து, ஃபிஷ் என்று அனுப்பிவிட்டார். புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலை ஒவ்வொன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அதே வேலை செய்த போர்டுகள் இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

நான் எதற்காக இந்தப் போர்டைத் தேடினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது செங்கல்பட்டு மாவட்டக் கோவளம், கேரளத்துக் கோவளம் இல்லை. பொங்கல் முடிந்ததிலிருந்து பங்குனி வரை இங்கே அலை பெரும்பாலும் முழங்கால் உயரம், நல்ல நாளில் இடுப்பு உயரம், அதுவும் செங்குத்தாக எழும்பி மடியாமல் சரிவாக மெதுவாக வந்து கரையும். தென்மேற்குப் பருவத்தில் கதையே வேறு. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீகின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்ததே, அந்த மாதங்களில் தெற்கிலிருந்து நல்ல அலை வரும், அப்போது சாதாரண ஷார்ட்போர்டே போதும். சிக்கல் வருவது இந்தச் சின்ன அலை மாதங்களில்தான். அலையின் உயரம் பாதியானால் அதன் ஆற்றல் பாதியாவதில்லை, கால்பங்காகிவிடுகிறது. தள்ளிவிட அலையிடம் பலம் இல்லாதபோது, கிடைக்கிற கொஞ்சத்தை வீணாக்காமல் தண்ணீரின் மேல் சீக்கிரம் எழுந்து வழுக்கும் போர்டு வேண்டும்.

அதற்கு என்ன வேண்டும் என்றால், அகலம் வேண்டும், முக்கியமாக வால் பக்கத்தில் அகலம் வேண்டும், ஏனென்றால் மெதுவான அலையில் நம் பின்காலின் எடையைத் தாங்கித் தூக்குவது அந்தப் பரப்புதான். அப்புறம் ராக்கர், அதாவது மூக்கிலிருந்து வால் வரை போர்டு வளைந்திருக்கும் அளவு, குறைவாக இருக்க வேண்டும். வளைவு அதிகமாக இருந்தால் போர்டு தண்ணீரைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகும், வேகம் எடுக்காது. செங்குத்தான பெரிய அலையில் மூக்கு குத்தாமல் காப்பாற்றுவது அதே வளைவுதான், ஆகவே வளைவு தன்னளவில் கெட்டது என்று இல்லை, இந்த அலைக்கு ஆகாது, அவ்வளவுதான். தடிமனும் கொஞ்சம் கூட வேண்டும், கை போட்டு அலையைப் பிடிக்க மிதப்பு தேவை.

ஃபிஷ் என்ற வடிவத்தை 1967-இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் செய்தார், முதலில் முழங்காலிட்டு ஓட்டுவதற்காக. குட்டையான, தட்டையான போர்டு, மிக அகலமான வால், அடியில் இரண்டே இரண்டு கீல் ஃபின், அதாவது போர்டு சறுக்காமல் பிடித்துக்கொள்ள வால் பக்கம் நிற்கும் துடுப்பு. அவ்வளவு அகலமான வாலை அப்படியே விட்டால் திருப்ப வராது, அதனால் நடுவில் ஆழமாக வெட்டி இரு பக்கமும் தனித்தனிக் கூர்முனையாக்கினார். அகலம் இருப்பதால்தான் அங்கே வெட்டுக்கு வேலை. குறுகிய வாலில் வெட்டுப் போட்டால் ஃபிஷ் ஆகிவிடாது, ஏற்கெனவே குறைவாக இருந்த பரப்பு இன்னும் குறையும். என்னிடம் வந்தது அதுதான்.

என் எடை 76 கிலோ, எத்தனை வருடமாக ஓட்டுகிறேன், எங்கே ஓட்டுகிறேன், எல்லாம் எழுதி அனுப்பினேன். 21½ அங்குல அகலம், 2⅝ அங்குலத் தடிமன் என்று அளவு பேசி முடித்தோம். பாதிப் பணம் முன்னால், மீதி அனுப்பும் முன். நடுவில் படம் கேட்டபோதெல்லாம் மேல்பக்கத்துப் படம் மட்டும் வந்தது, அதுவும் நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தது. அந்தக் கோணத்தில் வளைவும் தெரியாது, தடிமனும் தெரியாது, வெட்டிய வால் மட்டும் அழகாகத் தெரியும். அடிப்பக்கத்துப் படம் கேட்டேன். "கிளாஸிங் போயிட்டிருக்கு ப்ரோ, இப்ப திருப்ப முடியாது" என்றார். கிளாஸிங் என்றால் போர்டின் உள்ளிருக்கும் ஃபோமின் மேல் கண்ணாடி இழைத் துணி வைத்து ரெசின் என்கிற பசை பூசுவது.

பார்சல் வந்தது. ஸ்ட்ரிங்கர் என்கிற நடுமரப்பட்டைகூடக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கெட்டியான பெயின்ட், அதன்மேல் வெள்ளை எழுத்தில் 5'8, 21½, 2⅝, 36 என்று பேசிய அளவுகள் அப்படியே. தண்ணீரில் இறக்கிப் படுத்ததுமே தெரிந்துவிட்டது. நெஞ்சு தண்ணீருக்குள் அமிழ்கிறது, 36 லிட்டரில் அப்படி இருக்கவே கூடாது. பக்கத்தில் மற்றவர்கள் சாதாரணமாகப் பிடித்துப் போகிற அலை எனக்கு அடியில் நழுவிக்கொண்டே போனது. பிடித்த ஓரிரண்டிலும் எழுந்து நின்றதும் வேகம் செத்துவிடும், திருப்பினால் வால் பக்கவாட்டில் சறுக்கும். விற்றவருக்குச் சொன்னேன். "உங்களுக்கு இன்னும் பேடில் பவர் வரணும் ப்ரோ, ஃபிஷ் பழக டைம் ஆகும்" என்று பதில், அதாவது கை போட்டு அலையைப் பிடிக்க எனக்குப் பலம் போதாதாம். பணத்தை வாங்கிக்கொண்டு தவறான பொருளைக் கொடுத்துவிட்டு, பழியை ஓட்டுகிறவன் உடம்பின் மேல் போடுவது எனக்கு அந்தப் பணத்தைவிட அதிகமாக வலித்தது. இதே பதிலைக் கேட்டுவிட்டு, தனக்குத்தான் சர்ஃப் வராது என்று நினைத்துக்கொண்டு போர்டை மொட்டைமாடியில் போட்டுவிட்ட புதியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சில நாளில் போர்டு கனக்க ஆரம்பித்தது. கடலிலிருந்து வந்து நிமிர்த்தி வைத்தால் வால் வெட்டின் உள்முனையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே வரும், துடைத்தால் மறுபடியும் வரும். கோவளத்தில் போர்டு ரிப்பேர் செய்கிற தம்பி ஒருவர் இருக்கிறார், மீனவக் குடும்பத்துப் பையன், நல்ல கைவேலைக்காரர். அவரிடம் கொண்டுபோனேன். தட்டிக்கூடப் பார்க்கவில்லை, கையில் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஃபிஷ் இல்லைண்ணா, ஷார்ட்போர்டு. வாலை அறுத்திருக்காங்க" என்றார்.

பிறகு அவர் காட்டியதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், உங்கள் போர்டிலும் இதையே பாருங்கள். வெட்டின் உள்முனைப் பக்கம் பெயின்ட்டை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தார். நீலம் போனதும் வெள்ளைப் பட்டி, பட்டிக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக். அது பழைய நடு ஃபின்னைச் செருகும் பெட்டியின் முன்பாதி! பின்பாதி, வாலை வெட்டியபோது அறுந்து போயிருக்கிறது. நடு ஃபின் என்பது 1980-இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் கொண்டுவந்த மூன்று ஃபின் அமைப்பைச் சேர்ந்தது, இன்று பெரும்பாலான ஷார்ட்போர்டுகளில் இருப்பது. இரண்டு ஃபின்னுக்கென்றே புதிதாகச் செய்த போர்டின் நடுவில் ஃபின் பெட்டி எப்படி வரும்? அந்தப் பாதிப் பெட்டிக்குள் பட்டியை அடைத்து மேலே மெல்லிசாக ரெசின் பூசியிருக்கிறார்கள், ஃபைபர் துணி ஒரு சுற்றுக்கூட வைக்கவில்லை. தண்ணீர் போனது அந்த வழியாகத்தான். உள்ளே ஃபோம் பழுப்பு நிறமாகிவிட்டிருந்தது.

நடுமரப்பட்டையை ஒட்டி இன்னும் கொஞ்சம் தேய்த்ததும், கண்ணாடி இழைக்கு அடியில் பென்சிலில் எழுதிய பழைய அளவு வெளியே வந்தது: 5'10, 19¼, 2⅜, 28. அதாவது வாலில் 2 அங்குலம் அறுத்து 5 அடி 8 ஆக்கியிருக்கிறார்கள். நாங்கள் டேப் வைத்து அளந்தபோது அகலமும் தடிமனும் அதே பழைய அளவுதான், மேலே எழுதியது அத்தனையும் பொய்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் அந்த அளவுள்ள ஒரு பெட்டி எத்தனை லிட்டர் என்று வரும். போர்டு அந்தப் பெட்டியில் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்பும், ஒல்லி போர்டுக்கு 0.54, குண்டு போர்டுக்கு 0.58 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். என் போர்டு 68 × 19.25 × 2.375, பெட்டி 51 லிட்டர், போர்டு சுமார் 27½ லிட்டர். எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 30-ஐத் தாண்டாது. 76 கிலோ ஆளுக்கு 27½ லிட்டர் என்பது தினமும் கடலில் கிடக்கிற போட்டி வீரர்கள் ஓட்டுகிற விகிதம், வார இறுதியில் ஈசிஆரில் வண்டி ஓட்டிவந்து கடலில் இறங்குகிறவருக்கு உரியது அல்ல. பேசியபடி 68 × 21.5 × 2.625 என்று செய்திருந்தால் கணக்கு 34-லிருந்து 36½ லிட்டருக்குள் வந்திருக்கும். ஆக, பொய்யான எண்களையும் பொருந்தும்படி கணக்காகத்தான் எழுதியிருக்கிறார்.

வாலின் இரு கூர்முனைகளுக்கு இடையே டேப் பிடித்துப் பாருங்கள். லிஸ் பாணி ஃபிஷ்ஷில் அது 10 அங்குலத்தை ஒட்டி இருக்கும், என் போர்டில் 7½. ஒரு படத்தில் இதைக் கேட்டு வாங்கிவிட்டாலே பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும். வளைவுக்கு, போர்டைக் கவிழ்த்துப்போட்டு கொத்தனார் வைத்திருக்கும் நீள அலுமினியப் பட்டையை நடுவில் படியும்படி வைத்து, மூக்கு நுனியிலிருந்து பட்டை வரை அளக்க வேண்டும். எனக்கு 5 அங்குலத்துக்கு மேல் வந்தது. சின்ன அலைப் போர்டில் பெரும்பாலும் 4-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். ஃபின்னையும் பாருங்கள், கீல் ஃபின் அடிப்பகுதி நீளமாக, உயரம் குறைவாக, வால் நுனிக்கு நெருக்கமாக நிற்கும். என்னுடையதில் இருந்தது மூன்று ஃபின் செட்டின் முன் இரண்டு, வால் நுனியிலிருந்து 9 அங்குலம் தள்ளி. நடு ஃபின்னை நம்பி வைத்த இடம் அது, நடு ஃபின்னை எடுத்துவிட்டால் வால் சறுக்காமல் என்ன செய்யும்?

பெயின்ட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வண்ணம் பூசுவது தப்பே இல்லை, நல்ல கைவினைஞர்கள் ரெசினிலேயே நிறம் கலந்து அற்புதமாகச் செய்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒளி ஊடுருவாத பெயின்ட், நடுமரம்கூடத் தெரியவில்லை என்றால், பெயின்ட் அடிக்கும் முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். உண்மையில் புதிதாகச் செய்தவரிடம் ஃபோமை இழைக்கும்போது எடுத்த படம் கண்டிப்பாக இருக்கும், அவர்களே பெருமையாகக் காட்டுவார்கள். நம் கடற்கரைகளில் நேர்மையாகப் போர்டு செய்கிற சிலர் தங்கள் கையால் உழைத்துத்தான் பெயர் வாங்கியிருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பிலும் இந்த ஆள் மண்ணைப் போடுகிறார்.

எல்லாப் படங்களையும் அனுப்பிக் கேட்டபோது கடைசியாக வந்த பதில்: "ஃபிஷ்னா வால்தான் ப்ரோ, வால் இருக்கில்ல?" அதற்கப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்தேன், சமரசத்துக்கு அவர் தரப்பிலிருந்து பதிலே இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, அளவு பேசிய உரையாடல், டேப் வைத்து எடுத்த படங்கள், தேய்த்துப் பார்த்தபோது எடுத்த வீடியோ எல்லாம் கொடுத்திருக்கிறேன். தேய்ப்பதற்கு முன்னும் படம் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் சேதம் நான் செய்தது என்று சொல்லியிருப்பார்.

இந்த மாதம் அவர் மூன்று போர்டுகளை விற்பனைக்குப் போட்டிருக்கிறார், ஒன்று அதே கடல்நீலம், மற்ற இரண்டும் மஞ்சள், எல்லாமே மேலிருந்து எடுத்த படம். உங்களில் யாராவது ஏற்கெனவே அப்படி ஒன்று வாங்கியிருந்தால், வால் வெட்டின் உள்முனையை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பட்டி என்றால் நகம் பதியும். கூர்முனைக்குக் கூர்முனை டேப் வைத்து ஒரு படமும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரே ஆள் பலருக்கு இதையே செய்திருக்கிறார் என்று காட்ட முடிந்தால் வழக்குக்குப் பலம்.