இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பா தவறிய பிறகு, திண்டிவனம் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கரை நானே பார்த்துக்கொள்வது என்று சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மருந்தடிக்காமல் மல்லாட்டை (நிலக்கடலை) போட ஆசை. ஆனால் விவசாயம் ஒன்றும் தெரியாது. அந்த நேரம் பார்த்து செல்போனில் ஒரு விளம்பரம்: 3 நாள் பயிற்சி, சான்றிதழ், விளைந்ததை நல்ல விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்வோம். கட்டணம் 18,000 ரூபாய். அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அடகு வைத்துக் கட்டினேன்.

மூன்று நாள் என்றது ஒரு கல்யாண மண்டபத்தில் ஒன்றரை நாளில் முடிந்தது. வயல் பக்கமே கூட்டிப் போகவில்லை. கடைசியில், நுண்ணுயிர்க் கரைசல் 2 கேன் வாங்கினால்தான் விளைச்சலை எடுப்போம் என்றார்கள். கேன் 2,000 ரூபாய். விளைச்சலை எடுப்பதை எழுத்தில் கேட்டேன். "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்றதும் வாயடைத்துப் போனேன். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

கேனைத் திறந்தால் நுரை இல்லை, புளித்த வாடை இல்லை. வெல்லத் தண்ணீர் மாதிரி இருந்தது, அடியில் கொஞ்சம் கசடு. பக்கத்து நிலத்துப் பெரியப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல உசுரே இல்லடா" என்றார். கேட்காமல் ஊற்றினேன். மல்லாட்டை பிடுங்கிய பிறகு போன் செய்தால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை. அவர்கள் கொடுத்த சான்றிதழ், நான் பயிற்சியில் உட்கார்ந்திருந்தேன் என்பதற்கு மட்டும்தான். இயற்கை விளைபொருள் என்று கடைகளில் விற்க நிலத்துக்குத் தரச்சான்று வேண்டும். பருவப் பயிருக்கு, ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறும் மாற்றக் காலமே 2 ஆண்டு. சில மாதத்தில் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இத்தனைக்கும் திண்டிவனத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 1974-ல் புதுச்சேரியில் முதலாவதைத் தொடங்கி, இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிற நிலையங்கள். நொந்துபோய்த்தான் அங்கே போனேன். என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை. "கையால கலக்கிப் பாருங்க தம்பி" என்று பீப்பாய் முன்னால் நிறுத்தினார் அங்கிருந்த அம்மா. ஜீவாமிர்தம் என்கிற நுண்ணுயிர்க் கரைசல் அது: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கி, 48 மணி நேரம். இரண்டாம் நாள் மேலே நுரை கட்டி, சின்னச் சின்னக் குமிழாக வெடித்துக்கொண்டிருந்தது. ஜீவாமிர்தத்தை ஒரு வாரத்துக்குள் நிலத்துக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். கேனில் அடைத்து மாதக்கணக்கில் வைத்து விற்கிற பொருளே இல்லை அது.

புதிதாக வருகிறவர்களே, முதலில் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். அட்மா என்கிற அரசு வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் பயிற்சியும், நன்றாகச் செய்கிறவர்கள் வயலைப் பார்க்கக் கண்டுணர் பயணமும் உண்டா என்று கேளுங்கள். உதவி வேளாண்மை அலுவலர் உங்கள் ஊருக்கு என்றைக்கு வருகிறார் என்பது தமிழக அரசின் உழவன் செயலியில் இருக்கும். பூச்சி, நோய் என்று அவசரச் சந்தேகம் வந்தால் கிசான் அழைப்பு மையம், 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 வரை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அம்மாவின் தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. இந்தப் போக மல்லாட்டை காசு வந்ததும் முதலில் அதைத்தான் மீட்கப் போகிறேன்.