கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் போகிறவர்கள் கவனத்துக்கு: கரைச் சுற்றுலாவில் நாங்கள் ஏமாற்றப்பட்ட விதம்

வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு ஏதென்ஸ் பக்கம் க்ரூஸ் போகத் திட்டமிடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கப்பலைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. சாப்பாடும் அறையும் சொன்னபடி இருந்தன. கப்பல் ஓர் ஊரில் நிற்கும் சில மணி நேரத்துக்குள் அந்த ஊரைச் சுற்றிக்காட்டுகிறோம் என்று தனியாக விற்கிறார்களே, ஷோர் எக்ஸ்கர்ஷன் என்னும் கரைச் சுற்றுலா, அதில்தான் மோசம் போனோம். கப்பல் டிக்கெட் எடுத்துத் தந்த அதே சென்னை டிராவல் ஏஜென்சி, கப்பல்காரர்கள் கேட்பதில் பாதி விலைதான் என்று சொல்லி, இரண்டு ஊர்களுக்கான கரைச் சுற்றுலாவை எங்கள் தலையில் கட்டியது. கப்பல் கட்டணத்தைக் கிரெடிட் கார்டில் வாங்கிக்கொண்டவர்கள், இதற்கு மட்டும் யுபிஐயில் அனுப்பச் சொன்னார்கள். பில் கேட்டதற்கு, வவுச்சரே (சுற்றுலாவுக்கான முன்பதிவுச் சீட்டே) பில்தான் என்றார்கள்.

முதலில் சாண்டோரினி. அந்தத் தீவின் அமைப்பு தெரியாவிட்டால் நடந்த அநியாயம் புரியாது. எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் இறங்கியதால் உண்டான தீவு அது. தீவை ஒட்டியே கடல் முந்நூறு மீட்டருக்கும் மேல் ஆழம் இறங்கிவிடுகிறது. பெரிய கப்பல்கள் கட்டி நிற்கத் துறை கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் படகுகள் போய்ச் சேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஃபிரா நகருக்கு நேர் கீழே, மலையடிவாரத்தில் உள்ள பழைய துறைமுகம். அங்கிருந்து மேலே போகக் கார் சாலை இல்லை. கேபிள் கார், 588 படிக்கட்டு, கழுதைச் சவாரி, இந்த மூன்றுதான் வழி. இன்னொன்று, ஃபிராவுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள அதினியோஸ். ஏதென்ஸிலிருந்து வரும் ஃபெரிகள் நிற்கும் துறைமுகம் அதுதான். அங்கே பஸ், வேன் எல்லாம் வந்து நிற்கும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் பணம் கட்டியவர்களை முதல் படகுகளில் ஏற்றி அதினியோஸில் இறக்குவார்கள். மற்ற அத்தனை பேரும் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, பிறகு பழைய துறைமுகத்தில்தான் இறங்க முடியும். எங்கே இறங்குவது என்று பயணி தேர்ந்தெடுக்க வழியில்லை.

எங்கள் வவுச்சரில் இருந்தது இவ்வளவுதான்: மாலை ஐந்து மணி, சாண்டோரினி துறைமுக வாசல், பெயர்ப்பலகையோடு ஓட்டுநர் காத்திருப்பார். கப்பல் வந்து நிற்கும் நேரமே நாலரை. டோக்கன் வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்து பழைய துறைமுகத்தில் கால் வைத்தபோது ஆறு மணியை நெருங்கிவிட்டது. அங்கே வாசலும் இல்லை, வேனும் இல்லை. வேன் வரவே முடியாத இடத்தில் பெயர்ப்பலகையைத் தேடி என் அப்பா முழங்கால் வலியோடு நடந்துகொண்டிருந்தார். அதற்கு முன்பே ஓட்டுநர் அதினியோஸில் நின்று, இருபது நிமிடம் பார்த்துவிட்டு, 'பயணிகள் வரவில்லை' என்று செய்தி அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

கேபிள் காருக்கு நீண்ட வரிசை. ஒரு தடவைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர் என்று முப்பத்தாறு பேரைத்தான் ஏற்றும். ஒரே மாலையில் இரண்டு மூன்று கப்பல்கள் வந்துவிட்டால் அடிவாரத்தில் கூட்டம் தேங்கி நிற்கும். கழுதையில் ஏறலாம் என்று ஒருவர் சொன்னதற்கு அம்மா மறுத்துவிட்டார். வெயிலில் மனிதரைச் சுமந்து வழுக்கும் கல்படிகளில் ஏறி இறங்கும் அந்தப் பிராணிகளைப் பார்த்த யாருக்கும் மனம் வராது. கேபிள் காரில் மேலே போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி கடந்திருந்தது. கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு எட்டரைக்கு. கீழே இறங்குவதற்கும் அதே கேபிள் கார்தான், அதே வரிசைதான். அதினியோஸ் வழியாக மேலே போன கப்பல் சுற்றுலாக்காரர்களும் திரும்பும்போது இங்கேதான் வந்து சேர்கிறார்கள். நாங்கள் கண்ட சாண்டோரினி, ஃபிராவில் ஒரு மதிற்சுவரும் அங்கிருந்து தெரிந்த கடலும்தான். அப்பாவை அந்தச் சுவரில் சிறிது நேரம் உட்காரவைத்துவிட்டு, உடனே இறங்கும் வரிசையில் போய் நின்றோம்.

இதில் எனக்கு ஆறாத கோபம் எது தெரியுமா? தீவின் வட முனையில் இருக்கும் ஓயா என்ற ஊரைச் சொல்லி, 'ஓயாவில் சூரிய அஸ்தமனம்' என்று பெரிய எழுத்தில் போட்டு அந்தச் சுற்றுலாவை விற்றதுதான். ஜூன் மாதத்தில் சாண்டோரினியில் சூரியன் மறைய எட்டரை மணிக்கு மேல் ஆகும். ஓயாவிலிருந்து ஃபிராவுக்குச் சாலையில் வர அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குப் பிறகு கேபிள் கார் வரிசை. எட்டரைக்குக் கடைசிப் படகு என்று கப்பல் அட்டவணையிலேயே இருக்கிறது. அந்த அட்டவணையை எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்ததே அந்த ஏஜென்சிதான். ஓட்டுநர் சரியான இடத்தில் வந்து நின்றிருந்தாலும் அந்த அஸ்தமனத்தை எங்களால் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தால் கப்பலைக் கோட்டை விட்டிருப்போம். நடக்கவே முடியாத ஒன்றுக்கு விலை போட்டு விற்றிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "சார், ஓட்டுநர் சரியான நேரத்துக்கு வந்து நின்றிருக்கிறார், படம்கூட அனுப்பியிருக்கிறார். நீங்கள்தான் போகவில்லை. நோ ஷோ ஆனால் ரீஃபண்ட் கிடையாது என்று வவுச்சரிலேயே இருக்கிறது." அவர் அனுப்பிய படத்தை நானும் பார்த்தேன். பின்னால் ஃபெரி நிற்கிறது. அதினியோஸ். எங்களை இறக்கிவிட மாட்டார்கள் என்று அந்தத் தீவில் வேன் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த துறைமுகத்தில் ஆளை நிறுத்தி, படம் எடுத்துவைத்துக்கொண்டு, வராதது எங்கள் குற்றம் என்கிறார்கள்.

அங்கேயே நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கப்பலில் எங்கள் பக்கத்து அறையில் இருந்த குடும்பத்துக்கு உள்ளூர் நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தது இது: 'கேபிள் காரின் மேல் நிலையத்துக்கு வெளியே நிற்போம். நீங்கள் எந்தப் படகில் வந்தாலும், எவ்வளவு தாமதமானாலும் காத்திருப்போம். உங்கள் கப்பல் தீவுக்கு வராமலே போனால் முழுப் பணமும் திருப்பித் தருவோம்.' தெரிந்தவர்கள் எழுதும் வவுச்சர் அப்படித்தான் இருக்கும்.

இனி குஷாதாசி. துருக்கியின் இந்தத் துறைமுகத்தில் கப்பல் கரையோடு கட்டி நிற்கும், படகு வேண்டியதில்லை. எபேசு என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகள் அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். விவிலியத்தில் பவுலடியார் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தைப் படித்து வளர்ந்த அம்மாவுக்கு, இந்தப் பயணம் முழுவதுமே அந்த ஒரு நாளுக்காகத்தான். எபேசுக்கு மேலே உள்ள மலையில் மாதா கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாக நம்பப்படும் சிறிய கல்வீடு ஒன்று இருக்கிறது. போப்பாண்டவர்கள் ஆறாம் பவுல் 1967இலும், இரண்டாம் ஜான் பால் 1979இலும், பதினாறாம் பெனடிக்ட் 2006இலும் வந்து செபித்த இடம். அதன் கீழே ஒரு சுவரில் மக்கள் வேண்டுதல்களைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டுப் போவார்கள். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் எங்கள் தெருப் பெண்கள், தங்கள் வேண்டுதல்களை எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

ஏஜென்சி வாட்ஸ்அப்பில் எழுதியது: 'எபேசு, மாதா வீடு, நுழைவுச்சீட்டு, மதிய உணவு, எல்லாம் சேர்த்து.' பஸ்ஸில் ஏறியதும் வழிகாட்டி நுழைவுச்சீட்டுக்கு ஆளுக்கு 40 யூரோ ரொக்கமாகக் கேட்டார். எபேசு நுழைவுக் கட்டணம் உண்மையிலேயே அவ்வளவுதான். ஆனால் அதை நாங்கள் ஏற்கெனவே சென்னையில் கட்டியிருந்தோம். சண்டை போட்டுக்கொண்டு நின்றால் கப்பல் நேரம் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். கொடுத்தோம்.

எபேசில் மேல் வாசலில் நுழைந்து, சரிவாக இறங்கும் பளிங்குத் தெரு வழியே கீழ் வாசலில் வெளியே வருவார்கள். செல்சஸ் நூலகத்தின் முகப்புக்கு எதிரே நிற்கும்போது யாருக்கும் பேச்சு வராது. அங்கே பதினைந்து நிமிடம் கொடுத்தார் வழிகாட்டி. வெள்ளிச் சிற்பம் செய்கிறவர்கள் பவுலுக்கு எதிராகத் திரண்டு கூச்சலிட்டதாக விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் வருகிறதே, அந்த அரங்கத்தை நடந்துகொண்டே கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு அவசரம் எதற்கு என்பது பிறகுதான் தெரிந்தது. பஸ் நேராக ஒரு கம்பளக் கடைக்குப் போனது. தேநீர் கொடுத்து, கதவைச் சாத்தி, கம்பளம் கம்பளமாக விரித்துக் காட்டினார்கள். அதன் பிறகு தோலாடைக் கடை. அங்கே இசையோடு ஆடை அணிவகுப்பு. வாங்காமல் வெளியே போக எழுந்தவர்களின் பின்னாலேயே ஒருவர் வந்துகொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் வழிகாட்டி மணி பார்த்தார், மாதா வீட்டுக்கு இனி நேரமில்லை என்றார். அம்மா அவரிடம் தமிழிலேயே கெஞ்சினார். பஸ் துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டது. கப்பல் புறப்பட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

கம்பளக் கடை வழிகாட்டிகளுக்குக் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த விஷயம். கப்பல் நிறுவனங்கள் நடத்தும் சுற்றுலாக்களிலும் கம்பளக் கடை நிறுத்தம் இருப்பதுண்டு. ஆனால் அந்த நேரத்துக்கு விலையாக, ஒரு வயதான பெண்மணி கடல் கடந்து வந்து பார்க்க நினைத்த இடத்தையே வெட்டிவிடுவது வழிப்பறிக்குச் சமம். ஏஜென்சியிடம் கேட்டபோது, வவுச்சரின் பின்பக்கத்தில் 'பாரம்பரியக் கைவினைச் செயல்விளக்கம்', 'நேரத்தைப் பொறுத்து இடங்கள் மாறலாம்' என்று இருக்கும் இரண்டு வரிகளைக் காட்டினார்கள். அந்த வவுச்சர் எங்கள் கைக்கு வந்ததே பணம் கட்டிய பிறகுதான்.

கரைச் சுற்றுலாவை வெளியாரிடம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கப்பல்காரர்கள் விலை அதிகம், கூட்டமும் அதிகம். ஆனால் அந்தக் கூடுதல் விலையில் இரண்டு பாதுகாப்புகள் அடங்கியிருக்கின்றன. அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். காற்று பலமாக வீசிக் கப்பல் அந்தத் தீவையே தவிர்த்துவிட்டால் பணம் தானாகத் திரும்பிவிடும். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். டெண்டர் படகு இறக்க முடியாமல் கப்பல் மைக்கோனோஸ் தீவையோ சாண்டோரினியையோ விட்டுவிட்டுப் போவது அந்த மாதங்களில் புதிதல்ல. வெளியாரிடம் வாங்கும்போது இந்த இரண்டுக்கும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் பிறகு செல்லாது.

அட்டவணையில் இருக்கும் நேரம் கப்பல் வந்து நிற்கும் நேரம், நீங்கள் கரையில் இறங்கும் நேரம் அல்ல. அதுபோலவே, புறப்படும் நேரத்துக்கு அரை மணி நேரமாவது முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். அக்டோபர் கடைசிக்குப் பிறகு போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிரேக்கம் குளிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறது, துருக்கி வைப்பதில்லை. குஷாதாசியில் கரை நேரமும் கப்பல் நேரமும் வேறாக இருந்துவிட வாய்ப்புண்டு. வவுச்சரில் இருப்பது எந்த நேரம் என்று கேட்டுவிடுங்கள்.

எங்களைப் போல ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஏஜென்சி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் வழக்குத் தளத்தில் வீட்டில் இருந்தே மனு தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், வவுச்சரின் இரு பக்கங்கள், கப்பலின் அன்றாட அட்டவணைத் தாள், டெண்டர் டோக்கன், இவற்றில் எதையும் தூக்கி எறியாதீர்கள். எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு இறக்கப்பட்டோம் என்று கப்பல் வரவேற்பு மேசையில் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். எங்கள் மனுவில் முதல் ஆவணமாக அதைத்தான் இணைத்திருக்கிறேன்.

இந்தப் பருவத்துக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றே வவுச்சரை எடுத்துச் சந்திக்கும் இடம் என்ற வரியைப் பாருங்கள். 'சாண்டோரினி துறைமுகம்' என்று மட்டும் இருந்தால், கேபிள் காரின் மேல் நிலையம் என்று திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் ரத்து செய்துவிடுங்கள். பல சுற்றுலாக்களை ஒரு நாள் முன்புவரை முழுப் பணத்தோடு ரத்து செய்ய முடியும், அந்த அவகாசம் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.