கல்லாஸா, தெபால்டியா: முதலில் யாரைக் கேட்பது?

"மாமா, ஒபெரா கேட்கப் போறன். மரியா கல்லாஸா, ரெனாட்டா தெபால்டியா?" திருகோணமலையில் கர்நாடக சங்கீதம் படிக்கும் என் மருமகள் கேட்டாள். ஒபெரா என்பது மேற்கத்தேய இசை நாடகம்; இவர்கள் இருவரும் அதன் புகழ்பெற்ற பாடகிகள். சரி என்று இரண்டு மாலை டச்சுக் குடாக் கரையில் இருந்து, ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டி இருவரையும் கேட்டோம்.

குரல்: தெபால்டியின் குரல் வெண்ணெய். 1946 இல் மிலானின் லா ஸ்காலா அரங்கு மீண்டும் திறந்தபோது, இசைக்குழு நடத்துநர் தொஸ்கானினி இவரைப் பாட அழைத்தார், வயது 24. கல்லாஸின் குரலில் கரகரப்பு உண்டு, உச்சியில் ஆடும்.

வீச்சு: இதில் கல்லாஸ்தான். 1949 இல் வெனிஸில் இசையமைப்பாளர் வாக்னரின் ஒபெராவில் வரும் கனமான புரூன்ஹில்டே பாத்திரத்தைப் பாடிய சில நாட்களிலேயே, பிருகா நிறைந்த இசையமைப்பாளர் பெல்லினியின் எல்விரா பாத்திரத்தையும் பாடினார். இரண்டும் ஒரே தொண்டையில் அமைவது எவ்வளவு அபூர்வம்! சாதகம் செய்கிறவர்களுக்கு அது விளங்கும். தெபால்டிக்கு இத்தாலிய இசையமைப்பாளர்கள் வெர்டியும் புச்சினியும்தான் சொந்த வீடு.

நீடிப்பு: கல்லாஸின் கடைசி ஒபெரா மேடை 1965, வயது 41. தெபால்டி 1973 வரை.

களைத்து வந்து கண்ணை மூடிக் கேட்க தெபால்டி போதும். ஒரு சொல்லுக்குள் கோபத்தையும் பயத்தையும் எப்படி வைப்பது என்று படிக்க வேண்டுமா? கல்லாஸ். மருமகளுக்கு கல்லாஸ் பாடிய, புச்சினியின் 'தோஸ்கா' ஒபெராவின் 1953 பதிவைக் கொடுத்தேன். இரண்டாம் அங்கம் முடியும்வரை அவள் கடலைப் பார்க்கவே இல்லை.